மூன்றாவது ஆள்



இந்தச் சொற்பொழிவின் அழைப்பிதழில் 'அறிவியல் ஆய்வில் பெண்கள்: பணியும் குடும்பமும்' என்று அச்சாகியிருக்கிறது. அந்த வட்டத்துக்குள்தான் பேசப் போகிறேன். ஆனால் இந்தப் பொருளில் மேடை ஏறுகிறவர்கள் வழக்கமாகக் கணவன், மனைவி என்ற இரண்டு பேரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு மாலை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். அந்த வீட்டில் இன்னொருவர் இருப்பார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். இன்றைக்கு அவரைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

1947-ஆம் ஆண்டு கல்கத்தாவிலிருந்து அசீமா சாட்டர்ஜி அமெரிக்காவுக்குப் போனார். முப்பதை எட்டும் வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் டி.எஸ்ஸி. பட்டம் வாங்கியிருந்தார். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். 1945-ல் திருமணம்; கணவரும் வேதியியலாளர். அமெரிக்காவில் முதலில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம், பிறகு கால்டெக், அதற்குப் பிறகு சூரிச்சில் பால் காரரின் ஆய்வகம். காரர் 1937-ல் நோபல் வாங்கியவர். 1950-ல் அசீமா நாடு திரும்பினார். இதெல்லாம் அவருடைய எல்லா வாழ்க்கைக் குறிப்புகளிலும் வருகிறது. கூடவே ஒரு வரி வரும்: போகும்போது பதினொரு மாதப் பெண் குழந்தையையும், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆயாவையும் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த ஆயாவைப் பற்றி அந்த ஒரு வரிக்கு மேல் யாரும் எழுதுவதில்லை. அவர் விஸ்கான்சின் குளிரில் என்ன சமைத்தார், யாரோடு வங்காளியில் பேசினார் என்று யாருக்கும் அக்கறை இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் வராமல் இருந்திருந்தால் அசீமா போயிருக்க முடியாது. அல்லது குழந்தையை விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். நித்தியகல்யாணியிலும் சர்ப்பகந்தியிலும் உள்ள ஆல்கலாய்டுகளைப் பற்றிப் பின்னால் அவர் செய்த வேலை, ஆரைக்கீரையிலிருந்தும் சடாமாஞ்சிலிலிருந்தும் உருவாக்கிய வலிப்பு மருந்து, 1961-ல் பட்நாகர் பரிசு, 1975-ல் இந்திய அறிவியல் மாநாட்டின் முதல் பெண் பொதுத்தலைவர் பதவி, எல்லாமே அந்த மூன்று வருட வெளிநாட்டு ஆய்வின் மேல் எழுந்தவை. கப்பல் ஏறிய அந்தக் கைக்குழந்தையும் வளர்ந்து கரிம வேதியியல் பேராசிரியரானார்.

இதே விஸ்கான்சினுக்குச் சில வருடம் கழித்துப் போன இன்னொரு இந்தியர் கதையையும் சொல்கிறேன். 1952-ல் சிதம்பரத்தில் ஒரு குழந்தை பிறந்தது. தகப்பனார் சி.வி. ராமகிருஷ்ணன் உயிர்வேதியியல் ஆய்வுக்காக அப்போது விஸ்கான்சினில் இருந்தார். தாயார் ராஜலட்சுமி இங்கே. பிறந்த குழந்தை வெங்கி ராமகிருஷ்ணன்; 2009-ல் வேதியியல் நோபல் பெற்றவர். நான் அந்தத் தகப்பனாரைக் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கிடைத்த ஃபெல்லோஷிப்பை யார் விடுவார்கள்? ஒரு ஆண் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆயாவையும் அழைத்துக்கொண்டு ஆய்வுக்குப் போயிருந்தால் அது செய்தியாகியிருக்கும். தனியாகப் போனால் அது ஊர் வழக்கம். அதே ஊர், அதே பல்கலைக்கழகம். ஆணுக்கு ஒரு டிக்கெட் போதும், பெண்ணுக்கு மூன்று டிக்கெட் வேண்டும்.

ராஜலட்சுமி பிறகு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியலில் பிஎச்.டி. முடித்தார், பதினெட்டே மாதத்தில். இந்தப் பதினெட்டு மாதத்தை அவருடைய மேதைமைக்கு அடையாளமாகச் சொல்வார்கள். மேதைதான். ஆனால் அந்த அவசரத்தில் வீட்டுக் கணக்கும் கொஞ்சம் கலந்திருக்கும் என்பது என் ஊகம். குழந்தை உள்ள பெண் ஆய்வேட்டை எழுதும் வேகத்தை நெறியாளராக இருந்த காலத்தில் நான் பார்த்திருக்கிறேன். ஒரு நிமிடம் வீணாக்க மாட்டார்கள். கேன்டீன் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். அப்படித் தலைகாட்டாததால் அடுத்த மாநாட்டுக்கு யார் போவது, எந்த புராஜெக்டுக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள் என்ற தகவலெல்லாம் அவர்கள் காதுக்கு வராமலே போகும். பிறகு ராஜலட்சுமி பரோடாவில் ஊட்டச்சத்துத் துறையில், ஏழை வீட்டுக் குழந்தைகளுக்கு மலிவான தானியத்தையும் பருப்பையும் கீரையையும் கொண்டே சத்தான சாப்பாடு தருவது எப்படி என்று ஆராய்ந்தார். மகள் லலிதா ராமகிருஷ்ணன் இன்று கேம்பிரிட்ஜில் காசநோய் ஆய்வாளர். நோபல் பரிசுச் செய்தி வந்தபோது அந்த அம்மையாரின் ஆய்வைப் பற்றி எத்தனை பத்திரிகைகள் எழுதின என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் மனசு கஷ்டப்படும்.

பத்திரிகைகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. 1963-ல் மரியா கோப்பர்ட் மேயர் இயற்பியல் நோபல் பெற்றபோது சான் டியாகோ நாளேடு அவரை அந்த ஊர்த் தாய் என்றுதான் தலைப்பில் அறிமுகப்படுத்தியது. மறு வருடம் டோரத்தி ஹாட்ஜ்கின் வேதியியல் நோபல் பெற்றார். பெனிசிலினின் அமைப்பையும் வைட்டமின் பி12-இன் அமைப்பையும் கண்டுபிடித்தவர். லண்டன் நாளேடுகளுக்கு அவர் ஆக்ஸ்ஃபோர்டு இல்லத்தரசி, மூன்று பிள்ளை பெற்றவர். அந்த மூன்று பிள்ளைகளும் 1938, 1941, 1946-ல் பிறந்தவர்கள். முதல் பிரசவத்துக்குப் பிறகு வந்த முடக்குவாதம் கைவிரல்களைக் கோணலாக்கியது. கணவர் தாமஸ் பெரும்பாலும் வெளியூரில், பிற்காலத்தில் கானாவில். அப்படியானால் வீட்டை யார் பார்த்தது? வேலைக்கு ஆள் இருந்தது. பிற்பாடு டோரத்தியின் தங்கை ஜோன் தன் ஐந்து பிள்ளைகளோடு அதே வீட்டுக்குக் குடிவந்தார். வெள்ளைக்காரர்கள் வீட்டில் கூட்டுக்குடும்பம்! நம் ஊரில் சித்தி இருக்கும் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு என்ன நிம்மதியோ அது ஆக்ஸ்ஃபோர்டிலும் அப்படியேதான் இருந்தது.

இப்போது மூன்றாவது ஆள் இல்லாத வீடுகளுக்கு வருவோம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1920-களின் கடைசியில் இயற்பியல் படித்தவர்களில் சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு ஒரு வருடம் இளையவராக அதே துறையில் லலிதா துரைசாமி படித்தார். பெண் கல்விக்கு உழைத்த சகோதரி சுப்பலட்சுமியின் குடும்பத்துப் பெண். பெண்கள் படிப்பது அந்த வீட்டில் புதிதல்ல. சந்திரசேகர் 1930-ல் கேம்பிரிட்ஜ் போனார். லலிதா ஒரு பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தார், பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்து வேலை செய்தார். 1936-ல் இருவருக்கும் திருமணம். அதோடு லலிதாவின் இயற்பியல் நின்றது. எழுபத்தைந்து வருடத்துக்கு மேல் நீண்ட அமெரிக்க வாழ்க்கையின் முதல் பகுதியை யெர்க்ஸ் வானாய்வகம் இருந்த சிற்றூரில் அவர் கழித்தார். 102 வயது வரை இருந்து 2013-ல் மறைந்தார். 1983-ல் நோபல் பெற்றபோது எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் சந்திரசேகர், மனைவியின் பொறுமையும் துணையும்தான் தம் வாழ்க்கையின் மையம் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அதே குறிப்பில், இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தம் தாயார் சீதாலட்சுமி தமிழில் மொழிபெயர்த்ததையும் சொல்கிறார். பத்துப் பிள்ளை பெற்ற பெண்மணி, கதவைச் சாத்திவிட்டு வெளியேறும் ஒரு மனைவியின் நாடகத்தை எடுத்து உட்கார்ந்து மொழிபெயர்த்தார் என்பதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் தீர்வதே இல்லை.

லலிதாவுக்குக் குழந்தை இல்லை. ஆகவே 'குழந்தைக்காக ஆய்வை விட்டார்' என்று சொல்ல வழியில்லை. அந்த வீட்டில் அவர்தான் மூன்றாவது ஆளின் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். சந்திரசேகரின் கால அட்டவணை உலகப் புகழ் பெற்றது. விடியற்காலையில் மேசைக்குப் போனால் இரவு வரை எழுத்து. அந்த அட்டவணைக்குள் சமையல் இல்லை, சாமான் வாங்குவது இல்லை.

ராமன் ஆய்வகத்துக்கு லலிதாவுக்குப் பிறகு வந்தவர் அன்னா மாணி. எட்டாவது பிறந்த நாளுக்கு வைரத்தோடு வேண்டாம், என்சைக்ளோபீடியா வேண்டும் என்று கேட்ட பீர்மேட்டுச் சிறுமி, 1940-லிருந்து பெங்களூரில் வைரத்தின் ஒளியியலையே ஆராய்ந்தார். மங்கலான நிறமாலையைப் படத் தகட்டில் பதிய வைக்கப் பதினைந்து, இருபது மணி நேரம் வெளிச்சம் காட்ட வேண்டியிருந்தது. இரவெல்லாம் ஆய்வகத்தில்தான். 1945-ல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று சொல்லி பிஎச்.டி. தர மறுத்துவிட்டார்கள். அவர் வானிலைத் துறைக்குப் போய், கதிர்வீச்சையும் காற்றையும் ஓசோனையும் அளக்கும் கருவிகளை இங்கேயே செய்யவைத்து, துணைத் தலைமை இயக்குநராக 1976-ல் ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை மக்காச்சோளத்தோடும் மூங்கிலோடும் கலப்பினம் செய்த ஜானகி அம்மாளும் செய்துகொள்ளவில்லை. இருவரும் தாமாகத் தேர்ந்த வாழ்க்கை அது. அதில் குறை காண யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒரு நாட்டின் அறிவியல் வரலாற்றில் முதல் தலைமுறைப் பெண்களில் இத்தனை பேர் மணமாகாதவர்களாக இருப்பது தற்செயல் என்று நான் நம்பத் தயாராக இல்லை. 2010-ல் இந்திய அறிவியல் அகாதமியும் பெங்களூர் தேசிய உயராய்வு நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அறிவியலில் பிஎச்.டி. முடித்தவர்களை விசாரித்தது. ஆய்வுப் பணியில் இருந்த பெண்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர் மணமாகாதவர்கள். ஆண்களில் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை.

அதே அறிக்கையில் இன்னொரு முக்கியமான விஷயம். ஆய்வை விட்டுப் போன பெண்கள் குடும்பத்தைக் காரணமாகச் சொன்னது நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. தகுந்த வேலை கிடைக்கவில்லை என்றுதான் அதிகம் சொன்னார்கள். நேர்முகத் தேர்வுகளில் உட்கார்ந்து பழகிய எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. 'கணவர் எங்கே வேலை பார்க்கிறார்?' என்று வெகு சாதாரணமாக ஒரு கேள்வி வரும். கேட்பவர் நல்லவர்தான், குசலம் விசாரிக்கிற தொனியில்தான் கேட்பார். அந்தப் பெண் பதில் சொல்லி முடிக்கும்போது எதிரில் ஒருவர் மனசுக்குள் அவளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டிருப்பார். ஆண் விண்ணப்பதாரரிடம் மனைவி எங்கே இருக்கிறார் என்று கேட்டதை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

வேதியியல் அல்லாத துறையினருக்காக ஒன்றை விளக்கமாகச் சொல்ல வேண்டும். 'டீச்சர் வேலை பெண்களுக்கு வசதி, ஆய்வும் அதோடு செய்துகொள்ளலாம்' என்று பெரியவர்கள் சொல்வது எங்கே இடிக்கிறது என்று அப்போதுதான் புரியும்.

நான் வேலை செய்தது தாவர வேதிப்பொருள்களில். வேரையோ இலையையோ நிழலில் உலர்த்தி, இடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடித்து வற்றவைத்தால் தார் மாதிரி ஒரு குழம்பு மிஞ்சும். அதில் எத்தனையோ பொருள்கள் கலந்திருக்கும். பிரிப்பதற்கு 'காலம்' (column) குரோமடோகிராஃபி. மார்பளவு உயரமுள்ள கண்ணாடிக் குழாயைத் தாங்கியில் செங்குத்தாக நிறுத்தி, அடியில் பஞ்சு அடைத்து, சிலிக்கா ஜெல்லை ஹெக்சேனில் குழைத்துக் காற்றுக் குமிழி விழாமல் ஊற்றி நிரப்ப வேண்டும். அதன் தலையில் நம் குழம்பை ஏற்றிவிட்டுக் கரைப்பானை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஒரு மஞ்சள் பட்டை மெதுவாக இறங்கும். பின்னால் பச்சை. எத்தில் அசிட்டேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அடியில் குடுவையை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒவ்வொரு குடுவையிலும் ஒரு சொட்டு எடுத்து டி.எல்.சி. என்ற மெல்லிய படலத் தகட்டில் புள்ளி வைத்து, அயோடின் ஜாடிக்குள் இறக்கிப் பழுப்பு நிறம் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். மேலே கரைப்பான் வற்றினால் ஜெல்லில் வெடிப்பு விழும். குழாயைத் திருகி நிறுத்திவிட்டுப் போகலாமே என்பீர்கள். நிறுத்தினால் பட்டைகள் விரிந்து ஒன்றில் ஒன்று ஏறும். இரண்டு மாதமாகச் சேர்த்த சாறு வீண்.

பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடும். பச்சைப் பட்டை குழாயின் பாதியில் நிற்கும்.

பக்கத்து மேசையில் ஒரு ஆண் ஆய்வாளருக்கும் அதே குழாய், அதே பட்டை. அவருக்கும் பிள்ளை உண்டு, அதே பள்ளிக்கூடம்கூட. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கூடத்திலிருந்து போன் அவருக்கு வருவதில்லை. பள்ளி டைரியில் எழுதிக் கொடுத்திருப்பது அம்மாவின் எண். இதைச் சட்டம் போட்டு யாரும் எழுதவைக்கவில்லை. ஆய்வகத்தில் இருவருடைய நேரமும் வேறு வேறாவது அந்த ஒரு வரியிலிருந்துதான். உயிரியல் துறையில் இன்னும் மோசம். செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அவை வளரும் ஊடகத்தை மாற்றாவிட்டால் செத்துப்போகும். கணிதத்துறைத் தோழிகள் 'எங்களுக்குப் பேனாவும் காகிதமும் போதும், வீட்டிலேயே செய்யலாம்' என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வீட்டில் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைத்தால் சொல்லுங்கள் என்று நானும் சிரித்துக்கொண்டே கேட்பேன்.

வயது விஷயம் எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்ஸி. முடிக்க இருபத்திரண்டு, பிஎச்.டி. முடிக்க இருபத்தெட்டு, இருபத்தொன்பது. பிறகு இரண்டு மூன்று வருடம் போஸ்ட்டாக். நல்ல நிறுவனங்கள் முப்பத்தைந்துக்குள் ஆள் எடுக்கப் பார்க்கும். பிள்ளை பெறுவதற்கு டாக்டர்கள் சொல்லும் வயதும் அதே வயது. ஆய்வு உதவித்தொகைக்கான ஜே.ஆர்.எஃப். தேர்வில் பெண்களுக்கு ஐந்து வருடம் தளர்வு உண்டு, நல்ல ஏற்பாடு. ஆனால் வாசலில் கொடுத்த தளர்வை உள்ளே யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. தேர்வுக்குழு கட்டுரைகளை எண்ணும்போது, பிஎச்.டி. முடித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று வகுத்துப் பார்க்கிறது. பிரசவத்துக்குப் போன வருடமும் அந்த வகுத்தலில் கீழே உட்கார்ந்திருக்கும். பட்நாகர் பரிசுக்கு நாற்பத்தைந்து வயது வரம்பு. அது தொடங்கிய 1958-லிருந்து 2022 வரை ஐநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வாங்கினார்கள். பெண்கள் சுமார் இருபது பேர். நம் நாட்டில் அறிவியல், தொழில்நுட்பப் பட்டம் வாங்குகிறவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் பெண்கள். ஆய்வுப் பணியில் இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அவர்கள் எட்டவில்லை.

சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு 26 வாரம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021-லிருந்து விடுப்பு ஒரு முழு வருடம். பிஎச்.டி. மாணவிகளுக்கு யு.ஜி.சி. 240 நாள் வரை விடுப்பு தருகிறது. முடிக்க இரண்டு வருடம் கூடுதலாகவும் தருகிறது. எங்கள் தலைமுறையில் இதில் பாதி இல்லை. இடைவெளி விட்டுத் திரும்புகிறவர்களுக்காக மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002 வாக்கில் பெண் விஞ்ஞானிகள் திட்டத்தைத் தொடங்கியது. அதில் 27 வயதிலிருந்து 57 வயது வரை விண்ணப்பிக்க முடிந்தது. கணவருக்கு மாற்றலாவது போன்ற காரணங்களால் ஊர் மாறும் பெண்களுக்கென்றே பிறகு ஒரு திட்டம் வந்தது. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் உதவி இயக்குநராக இருந்த கமலா சோஹோனி, 1947-ல் மணமாகி பம்பாய் போனபோது அப்படி எந்தத் திட்டமும் இல்லை. கேம்பிரிட்ஜ் பிஎச்.டி.யோடு அங்கே புதிதாகத் தொடங்கினார்.

ஆனால் இந்தத் திட்டங்களில் மூன்று வருடம் முடிந்தால் என்ன? சம்பளம் நிற்கும், அடுத்த வேலைக்கு வயது தாண்டியிருக்கும். நாற்பத்தைந்து வயதில் ஒருவர் மறுபடி புராஜெக்ட் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பார். விடுப்பிலும் ஒரு சிக்கல். பெண்ணுக்கு விடுப்பு கிடைக்கிறது. அவளுடைய புராஜெக்டுக்கு விடுப்பு கிடைப்பதில்லை. மார்ச் 31-க்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும். வாங்கிய ரசாயனத்துக்குக் காலாவதித் தேதி உண்டு. என்.எம்.ஆர். கருவிக்கு முன்பதிவு செய்த நாள் போனால் போனதுதான். அவளுக்குக் கீழே சேர்ந்த மாணவர் ஆறு மாதம் வழிகாட்ட ஆளில்லாமல் முழித்துக்கொண்டிருப்பார். ஆகவே மூன்றாவது ஆள் வீட்டுக்கு மட்டுமல்ல, ஆய்வகத்துக்கும் வேண்டும். கைப்பழக்கம் உள்ள ஒரு உதவியாளரை ஒரு வருடத்துக்கு நியமித்தால் அந்த மேசை தூசி படியாமல் இருக்கும்.

வீட்டு மூன்றாவது ஆளுக்குத் திரும்பி வருகிறேன். நம் ஊரில் அது பெரும்பாலும் அம்மா, அல்லது மாமியார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இனிமேல் கொஞ்சம் கோயில் குளம் போகலாம் என்று நினைத்தவர்கள். மகளுக்குப் பிரசவம் என்று போனவர்கள் பேரன் யு.கே.ஜி. சேரும் வரை ஊர் திரும்புவதில்லை. அமெரிக்காவில் போஸ்ட்டாக் செய்யும் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் அம்மா, அவர் விசா முடிந்ததும் அடுத்த ஆறு மாதம் மாமியார் என்று முறைவைத்து விமானம் ஏறுகிறார்கள். போகும்போது பெட்டியில் பிரசவ மருந்துச் செலவுச் சாமான்கள். வரும்போது முழங்கால் வலி. இந்தப் பெண்மணிகளை ஆய்வேட்டின் நன்றியுரையில் 'என் அன்புத் தாய்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். நெறியாளருக்கு ஒரு பக்கம்!

அம்மா இல்லாதவர்களுக்கு ஆயா. அந்த ஆயாவுக்கும் பிள்ளை இருக்கும். இதைச் சொல்லாமல் நான் மேலே போகக் கூடாது. ஒரு ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய். வாடகை போக அதில் ஆயாவுக்கு என்ன கொடுக்க முடியும்? கொடுப்பதை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் தன் கைக்குழந்தையைத் தன் மூத்த மகளிடம் விட்டுவிட்டு வருகிறாள். அந்த மூத்த மகள் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை. ஒரு பெண்ணின் பிஎச்.டி.க்காக இன்னொரு பெண்குழந்தையின் ஐந்தாம் வகுப்பு நிற்குமானால், அதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அங்கன்வாடி இருக்கிறதே என்றால், இருக்கிறது; 1975-லிருந்து இருக்கிறது; ஆனால் அது மாலை ஆறு வரை திறந்திருப்பதில்லை. வளாகக் காப்பகம் என்று ஒன்று நடத்தினால் அங்கே பேராசிரியையின் குழந்தையும் ஆய்வு மாணவியின் குழந்தையும் தோட்டத்தில் பெருக்கும் அம்மாவின் குழந்தையும் ஒரே பாயில் தூங்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் அந்தக் காப்பகத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

கணவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று சிலர் நினைக்கலாம். முன்வரிசையில் சிலர் நிம்மதியாக உட்கார்ந்திருப்பதும் தெரிகிறது. கணவர்கள் மாறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். என் மாணவர்களில் சிலர் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு ஆய்வகத்துக்கு வருகிறார்கள். ஆனால் நல்ல கணவர் கிடைப்பதை நம்பி ஒரு நாட்டின் அறிவியல் கொள்கையை நடத்த முடியாது. நல்ல மாமியாரை நம்பியும் முடியாது. அது அதிர்ஷ்டத்தின் பாற்பட்டது. அதிர்ஷ்டத்தில் கிடைத்த ஒருவரை மேடையேற்றி, 'இவர் சமாளிக்கவில்லையா?' என்று மற்றப் பெண்களைக் கேட்பது எனக்குப் பிடிக்காத வழக்கம். என்னையும் அப்படி மேடையேற்றியிருக்கிறார்கள்.

ஜெர்மனியில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் என்ற உயிரியலாளர் இருக்கிறார். பழ ஈயின் கருவளர்ச்சியை ஆராய்ந்து 1995-ல் நோபல் பெற்றவர். அவருக்குக் குழந்தை இல்லை. 2004-ல் தம் பெயரில் ஒரு அறக்கட்டளை நிறுவினார். குழந்தை உள்ள இளம் பெண் ஆய்வாளர்களுக்கு அது மாதாமாதம் பணம் தருகிறது. அந்தப் பணத்தில் ரசாயனம் வாங்க முடியாது, மாநாட்டுக்குப் போக முடியாது. வீடு பெருக்க ஆள் வைக்கலாம், பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கலாம், மாலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கலாம். அதற்குத்தான் அந்தப் பணம். நோபல் பரிசு பெற்ற ஒருவர், அறிவியலை வளர்க்கப் பாத்திரம் கழுவுவதற்குப் பணம் தருகிறார். அவருடைய ஆய்வுக் கட்டுரைகளுக்கு அடுத்தபடியாக நான் மதிப்பது இதைத்தான்.

இதைச் சொல்லிவிட்டு நான் இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒன்று கேட்கப் போகிறேன். பேச அழைத்தவர்களிடமே கேட்பது மரியாதைக் குறைவு என்றால் வயதை முன்னிட்டுப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த அறக்கட்டளையின் வட்டியில் வருடம் ஒரு சொற்பொழிவும் ஒரு தங்கப் பதக்கமும் நடக்கின்றன. பதக்கம் இருக்கட்டும். அதன் எடையைக் கொஞ்சம் குறைத்து, சொற்பொழிவாளருக்குத் தரும் தொகையை முழுவதும் நிறுத்தி (என் உறையை நான் ஏற்கெனவே அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்), மிச்சத்தில் இந்தத் துறையில் பிரசவம் முடிந்து திரும்பும் ஒரு ஆய்வு மாணவிக்கு ஒரு வருடம் மாதாமாதம் பணம் கொடுங்கள். ஆயாவுக்கு, அல்லது வீட்டு வேலைக்கு. மனைவியை இழந்தோ பிரிந்தோ தனியாகக் குழந்தை வளர்க்கும் ஆண் மாணவர் இருந்தால் அவருக்கும் கொடுங்கள். ரசீது கேட்காதீர்கள், எந்த ஆயாவும் ரசீது தருவதில்லை. ஆயாவுக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் இவ்வளவு என்று மட்டும் நிபந்தனை போடுங்கள். விண்ணப்பம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதில் கணவர் கையெழுத்துக்கு இடம் வேண்டாம். தேர்வுக்குழு மாலை நான்கு மணிக்குக் கூட வேண்டாம்.

படிவத்தின் மாதிரி ஒன்றை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். துறைத்தலைவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். திருத்தங்கள் இருந்தால் அடுத்த வாரத்துக்குள் சொல்லுங்கள்.